மன்னிப்புக் கேட்க வேண்டிய விளையாட்டல்ல

வயது வந்த ஒருவர் லெகோ கட்டைகளை மேசைமேல் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தால், வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "பசங்களுக்கா?" இல்லை, எனக்குத்தான் என்று பதில் வந்ததும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் முழுசாக ஒரு சித்தாந்தம் இருக்கிறது. பொம்மை குழந்தைகளுக்கானது. மீசை முளைத்ததும் அதை விட்டுவிட வேண்டும். விடாதவர் எதற்கோ பயந்து பால்யத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறார். அந்தப் பயத்தை டென்மார்க்கில் உள்ள ஒரு நிறுவனம் காசாக்குகிறது. பெட்டியை வாங்கியவர் செய்வதெல்லாம் கையேட்டில் போட்டிருக்கிறபடி ஒன்றன்மேல் ஒன்றைச் செருகுவதுதான். அதில் படைப்பு என்று எதுவும் கிடையாது. பத்திரிகையில் கலாசார விமர்சகர் எழுதுவதும் கல்யாண வீட்டில் பெரியப்பா சொல்வதும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

நானும் கட்டுகிறவன்தான். அதனால் நடுநிலை என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை. நிறுவனம் காசாக்குகிறது என்ற பகுதி உண்மை. அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் மற்ற எல்லாவற்றையும் தாங்கி நிற்கிற, பொம்மை குழந்தைகளுக்கானது என்ற அந்த முதல் வாக்கியமே தவறு.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்பவரின் பொம்மை வீடு இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிப் பல வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. குட்டிப் பீங்கான் பாத்திரங்களைச் சீனாவிலிருந்து வரவழைத்தார். மேசை நாற்காலிகளைத் தேர்ந்த தச்சர்களைக் கொண்டு செய்வித்தார். ஆன செலவில் அந்த ஊரின் கால்வாய்க் கரையில் நிஜ வீடே ஒன்று வாங்கியிருக்கலாம். அது குழந்தைகளின் கைக்காகச் செய்யப்பட்டதல்ல. 1921 முதல் 1924 வரை இங்கிலாந்தின் ராணி மேரிக்காக இதேபோல் ஒரு பொம்மை வீட்டை வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். அதே ஆண்டுகளில் புது டெல்லியையும் அவர்தான் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு தலைநகரத்தைத் திட்டமிடுகிறவருக்குக் குட்டி வீடு ஒன்றைத் திட்டமிடுவது கௌரவக் குறைச்சலாகத் தோன்றவில்லை.

நம் வீடுகளுக்கு வருவோம். நவராத்திரிக் கொலுவில் படிகளில் இருப்பது சாமி பொம்மைகள். பக்தி என்று ஒதுக்கிவிடலாம். படிக்குக் கீழே தரையில் என்ன இருக்கிறது? கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, வெந்தயமும் கேழ்வரகும் முளைக்கவிட்டு வயலாக்கி, பூங்கா, ரயில் நிலையம், கிரிக்கெட் மைதானம் என்று பரப்புகிறார்களே, அதற்கு எந்த சாஸ்திரத்தில் விதி இருக்கிறது? அறுபது வயதுப் பெண்மணி ராத்திரி பதினொரு மணிக்குத் தரையில் குனிந்து, கிரிக்கெட் ஆட்டக்காரரை அரை அங்குலம் நகர்த்திவைக்கிறார். அவரை யாரும் குழந்தைத்தனம் பிடித்தவர் என்று சொன்னதில்லை. சின்ன அளவில் ஓர் உலகத்தைச் செய்து பார்க்கும் ஆசை வயதோடு போய்விடுவதில்லை என்பது நமக்கெல்லாம் தெரியும். தெரிந்தும், பிளாஸ்டிக் கட்டை என்று வரும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

அடுத்த சான்று இன்னும் நேரடியானது. லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901-ல் காப்புரிமை பெற்ற பொம்மை மெக்கானோ: துளையிட்ட உலோகப் பட்டைகள், திருகுகள், பல்சக்கரங்கள். சிறுவர்களுக்காகச் செய்தது. 1934-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரி என்ற இயற்பியலாளரும் அவருடைய மாணவர் ஆர்தர் போர்ட்டரும் அந்த மெக்கானோவைக் கொண்டே வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரம் ஒன்றைக் கட்டினார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் வானவர் புஷ் பெரும் செலவில் கட்டியிருந்த இயந்திரத்தின் மாதிரி அது. செலவு சுமார் 20 பவுண்டு. பொம்மை என்பதால் படம் காட்டிவிட்டு நின்றுவிடவில்லை. அணுக்களின் அமைப்பு பற்றிய நிஜக் கணக்குகளுக்கு விடை கொடுத்தது. அதன் பிறகுதான் முழு அளவு இயந்திரத்துக்குப் பணம் கிடைத்தது. ஹார்ட்ரிக்கு அப்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது.

சரி, இதெல்லாம் விதிவிலக்கு, சாதாரணமாகச் சனிக்கிழமை மாலை கட்டுகிறவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் கட்டைக்குள்ளேயே இருக்கிறது. சிரிக்கிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டையைக் கவனித்துப் பார்த்ததில்லை என்பதால் அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ல் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். 1949-ல் வந்த முதல் பிளாஸ்டிக் கட்டை அவருடைய சொந்தக் கற்பனை அல்ல. இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் செய்த கிட்டிகிராஃப்ட் கட்டையைப் பார்த்துச் செய்தது. அந்தக் கட்டை உள்ளே வெறுமையாக இருந்தது. ஒன்றன்மேல் ஒன்று உட்காரும், ஆனால் இறுகப் பிடிக்காது. ஓலேயின் மகன் காட்ஃப்ரெட் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவத்தில்தான் கட்டையின் அடியில் குழாய்கள் வந்தன. மேலுள்ள குமிழ், அடியிலுள்ள குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் பல இடங்களில் உரசி நிற்கிறது. பசையில்லை, திருகில்லை, குழந்தை இழுத்தால் கழன்று வரும், தானாகக் கழலாது. 1963 முதல் ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக் வந்தபின் அந்தப் பிடிமானம் பல்லாண்டுகளுக்கு நிற்கிறது. 1958-ல் வார்த்த கட்டையும் இன்று காலை பெட்டியிலிருந்து எடுத்த கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். வாங்கிய பொருளுக்கு மூன்று வருஷத்தில் உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் இது சாதாரண விஷயம் அல்ல.

இனி அளவுகள். ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் வரை 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6. தட்டை என்று சொல்லப்படும் மெல்லிய துண்டின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2. இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் ஒரு வாசல் திறக்கிறது: ஐந்து தட்டைகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், இரண்டு குமிழின் அகலமும் 16 மில்லிமீட்டர். அதாவது குமிழ்கள் மேலே பார்க்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கட்டையைப் பக்கவாட்டில் சாய்த்து, சுவருக்குள் செருகி, மயிரிழை இடைவெளியும் தெரியாமல் உட்காரவைக்கலாம். ஜன்னல் சட்டம், தூணின் வளைவு, காரின் முகப்பு விளக்கு எல்லாம் இப்படித்தான் வருகின்றன. எத்தனை தட்டை சேர்ந்தால் எத்தனை குமிழ் என்ற கணக்கை மனதில் போட்டபடியே கை வேலை செய்ய வேண்டும். எட்டு வயதில் நாம் கட்டிய வீடுகளில் குமிழ்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. திருப்பிப் பார்க்கத் தோன்றுவதற்கு வடிவியல் கொஞ்சம் உள்ளே ஊறியிருக்க வேண்டும். என் அனுபவத்தில் அது பெரியவனான பிறகுதான் வந்தது.

இரண்டுக்கு நான்கு குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு. எத்தனை விதமாக இணைக்கலாம்? நிறுவனம் வெகுகாலம் சொல்லிவந்த விடை 10,29,81,500. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் சோரென் ஐலர்ஸ் அதைச் சரிபார்க்க உட்கார்ந்தார். நிறுவனத்தின் எண் ஆறு அடுக்குக் கோபுரங்களை மட்டுமே எண்ணியிருந்தது. குட்டையான வடிவங்களையும் சேர்த்து அவர் கணினியில் எண்ணியபோது வந்த விடை 91,51,03,765. ஆறே கட்டைக்கு இது. கட்டைகள் கூடிக்கொண்டே போனால் எண்ணிக்கை எவ்வளவு வேகமாக வளரும் என்பதைப் பொதுச் சூத்திரமாக எழுத முடியுமா என்ற கேள்வி தனி ஆய்வாகவே தொடர்ந்தது. இப்படி ஒரு பொருளைக் குழந்தைகள் அறையில் மட்டும் வைத்திருக்க வேண்டும் என்பவர்கள் குழந்தைகளுக்கும் நன்மை செய்யவில்லை, கணிதத்துக்கும் செய்யவில்லை.

அடுத்து வரும் குற்றச்சாட்டைத்தான் கொஞ்சம் அறிவாளிகள் வைக்கிறார்கள். "கட்டை அற்புதம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கையேட்டைப் பார்த்துத்தானே கட்டுகிறீர்கள்?" குழந்தை தன் கற்பனையில் கட்டுகிறதாம், பெரியவர் அச்சடித்த படத்துக்குக் கீழ்ப்படிகிறாராம்.

சங்கீதம் கற்கிறவர் தியாகராஜ கீர்த்தனையைக் குருவிடம் பாடம் கேட்டு, ஒரு சங்கதிகூட மாறாமல் பாடுகிறார். அவரைப் பார்த்து நீ கீழ்ப்படிகிறாய், படைக்கவில்லை என்று சொல்கிற ரசிகர் உண்டா? இன்னொருவர் யோசித்த வழியில் அடி மேல் அடி வைத்து நடந்து பார்ப்பதே ஒரு கல்வி. தேர்ந்த வடிவமைப்பாளரின் செட்டைக் கட்டும்போது, இருபதாம் பக்கத்தில் ஏன் இந்தத் துண்டை இங்கே அனாவசியமாக வைக்கச் சொல்கிறார் என்று புரியாது. அறுபதாம் பக்கத்தில் மேலே ஏறும் சுவரின் பாரம் அதன்மேல் வந்து இறங்கும்போது புரியும். 2021-ல் வந்த தட்டச்சு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து ரசிகர் ஸ்டீவ் கின்னஸின் யோசனையில் பிறந்தது அது. எழுத்து விசையை அழுத்தினால் நடுவில் அச்சுக்கோல் எழுகிறது, வண்டி நகர்கிறது. அந்த அசைவு எங்கிருந்து எங்கே போகிறது என்பதைக் கட்டி முடித்தவரின் விரல்கள் அறிந்திருக்கும். அதே ஆண்டில் வந்த போன்சாய் மரத்தில் இளஞ்சிவப்புப் பூக்களாக இருப்பவை குட்டித் தவளைகள். தவளைக்காக வார்த்த துண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் செர்ரிப் பூ. அதைக் கையில் எடுத்துச் செருகுகிற நொடியில் ஒரு வடிவத்துக்குள் இன்னொரு வடிவத்தைப் பார்க்கும் கண் நமக்கும் கிடைக்கிறது.

கீழ்ப்படிகிறவர்கள் என்ற பழியை அடியோடு பொய்யாக்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2016-ல் 2,704 துண்டுகள் கொண்ட போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் கார் வந்தது. அதற்குள் நான்கு கியர் உள்ள பெட்டி, உண்மையில் சுழல்வது. கையேட்டை ஒரு வரி விடாமல் பின்பற்றிக் கட்டியவர்கள் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தபோது கியர்கள் ஒன்று, மூன்று, இரண்டு, நான்கு என்ற வரிசையில் மாறுவதைக் கண்டுபிடித்தார்கள். பெட்டியோ காருக்குள் புதைந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. சும்மா அலமாரியில் வைக்க வாங்கியவர்கள் அதை ஒருபோதும் கவனித்திருக்க மாட்டார்கள். இவர்கள் கவனித்தார்கள், பல்லைப் பல்லால் பெருக்கிக் கணக்கிட்டார்கள், சில துண்டுகளை மாற்றிச் சரியான வரிசை வரும்படி திருத்தம் செய்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். பொறியியல் கல்லூரியில் நான்கு வருஷம் படித்தும் கியர்ப்பெட்டியைக் கழற்றிப் பார்க்காமல் பட்டம் வாங்குகிறவர்கள் நம் நாட்டில் நிறைய. அவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இப்படி ஒரு பெட்டியைத்தான்.

கையேட்டை விட்டு வெளியே வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் ஆண்ட்ரூ கரோல், கிரேக்கக் கடலடியில் 1901-ல் கிடைத்த ஆன்டிகிதெரா கருவியை 2010-ல் லெகோ பல்சக்கரங்களால் திரும்பச் செய்தார். ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த வெண்கலக் கருவியைப் போலவே அது கிரகணங்களைக் கணித்துச் சொன்னது. சிகாகோவின் கட்டடக் கலைஞர் ஆடம் ரீட் டக்கர் தன் ஊரின் வானுயர்ந்த கட்டடங்களைக் கட்டைகளில் கட்டிக் காட்டியதிலிருந்துதான் 2008-ல் கட்டடக்கலை வரிசையே பிறந்தது. 2007-ல் முனை வீட்டுக் காபிக்கடை என்ற 2,056 துண்டுச் செட்டை வடிவமைத்து, வீதி வீதியாகக் கட்டடம் கட்டும் வரிசையைத் தொடங்கிவைத்த ஜேமி பெரார்ட், ரசிகராக இருந்து பில்லுண்டுக்கு வேலைக்குப் போனவர். பெரியவர்கள் குழந்தைகளின் பொருளை அபகரிக்கவில்லை. அந்தப் பொருள் எதுவரை போகும் என்று கண்டுபிடித்ததே அவர்கள்தான்.

இங்கே ஆஸ்திரேலியர் ஜேம்ஸ் ஜெசிமனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1995-ல் கட்டைகளைக் கணினியில் வரைவதற்கு எல்டிரா என்ற மென்பொருளைத் தனியாக எழுதினார். யாரும் கேட்கவில்லை, யாரும் சம்பளம் தரவில்லை. அவர் தேர்ந்தெடுத்த அலகு 0.4 மில்லிமீட்டர். அந்த அலகில் கட்டையின் அகலம் 20, உயரம் 24, தட்டையின் உயரம் 8: எல்லாம் முழு எண்கள். கட்டையின் இதயத்தை அளந்து எடுத்த தேர்வு அது. 1997-ல் மிக இளம் வயதில் அவர் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற கோப்பு வடிவத்தை வைத்துக்கொண்டு, உலகமெங்கும் உள்ள பெரியவர்கள் புதிதாக வரும் ஒவ்வொரு துண்டையும் அளந்து, வரைந்து, ஒருவர் வேலையை இன்னொருவர் சரிபார்த்து, இலவச நூலகமாக இன்றுவரை வளர்த்து வருகிறார்கள். குழந்தைத்தனம் என்று நாம் பெயர் வைத்த இடத்தில் நடப்பது இது.

ஆய்வுக்கூடங்களிலும் அப்படியே. கிலோகிராம் என்பது பாரிஸ் அருகே செவ்ரில் பூட்டிவைத்த ஓர் உலோக உருளையின் எடை என்ற நிலை 2019 மே 20 அன்று முடிந்தது. அன்றுமுதல் அது பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. அந்த மாறிலியை அளக்கும் தராசு பல கோடி மதிப்புள்ளது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவன விஞ்ஞானிகள் அதே தத்துவத்தில் லெகோவால் ஒரு தராசு கட்டி, எப்படிக் கட்டுவது என்பதை 2015-ல் இயற்பியல் இதழில் வெளியிட்டார்கள். சுமார் ஒரு சதவீதப் பிழைக்குள் அது அளக்கிறது. 2019-ல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் நான்கு கட்டைகளை ஏறத்தாழ முழுப் பூஜ்யக் குளிர்நிலை வரை குளிர்வித்துப் பார்த்தபோது, இணைந்த கட்டைகள் வெப்பத்தைக் கடத்தாமல் தடுப்பதில் விலையுயர்ந்த பொருள்களையும் மிஞ்சின. கட்டைகள் தொட்டுக்கொள்ளும் பரப்பு அவ்வளவு சிறியது.

இவ்வளவும் சொன்னபிறகு, எங்கள் பக்கத்து ஆட்கள் சிலரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. பெரியவர்கள் கட்டுவதை ஆதரிக்கிறவர்கள் பலர், "மன அழுத்தம் குறைகிறது, ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது" என்று நியாயம் சொல்கிறார்கள். 2020 முதல் பெட்டிகளில் 18 வயதுக்கு மேல் என்று அச்சடிக்கத் தொடங்கிய நிறுவனமும் கறுப்புப் பெட்டி, அமைதி, இளைப்பாறல் என்றுதான் விற்கிறது. இந்த ஆதரவு எனக்கு வேண்டாம். மருந்து என்று சொன்னால் நோய் ஒன்று இருப்பதாக ஒப்புக்கொண்டதாகிறது. கட்டுவதற்குத் தனக்கென்று மதிப்பில்லை, தூக்கம் வரவழைத்தால் மட்டும் மன்னிக்கலாம் என்றாகிறது. வாரக் கடைசியில் ஒருவர் சதுரங்கக் கணக்கு ஒன்றோடு மல்லுக்கட்டினால் அவரிடம் ரத்த அழுத்தம் எவ்வளவு குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. கட்டுவதும் யோசனைதான். பல நேரம் அது அமைதியும் தராது; பாலத்தின் வளைவு நடுவில் தொங்கிப்போய், அஸ்திவாரம் வரை கழற்ற வேண்டிவரும்போது எரிச்சல்தான் வரும். அந்த எரிச்சலோடு உட்கார்ந்து காரணம் தேடுவதே அதில் உயர்ந்த பகுதி.

பெட்டியைப் பிரிக்காமல் அடுக்கிவைத்து விலை ஏறக் காத்திருக்கிறவர்களையும் நான் ஆதரிக்கவில்லை. 1987-க்கும் 2015-க்கும் இடையே, விற்பனை நிறுத்தப்பட்ட செட்டுகளின் மறுவிற்பனை விலை ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 11 சதவீதம் உயர்ந்தது என்று மாஸ்கோவின் பொருளாதார உயர்கல்விப் பள்ளி ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அது முதலீட்டாளர்களின் விவகாரம். கட்டாத கட்டையில் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

பணம் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் பொம்மைகள்மீதான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியது. பெரிய செட்டின் விலை நடுத்தரக் குடும்பத்தின் மாதச் சம்பளத்தைத் தொடுகிறது. வீட்டுக் கடனைக் கட்டாமல் இதை வாங்கினால் தவறு. அதே தவறு நகை வாங்கினாலும், செல்போன் வாங்கினாலும் தவறுதான். வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிளாஸ்டிக் பற்றிய குற்றச்சாட்டை அப்படித் தள்ளிவிட மாட்டேன். ஏபிஎஸ் பெட்ரோலியத்திலிருந்து வருவது. கடலில் விழுந்த கட்டை 100 முதல் 1,300 வருஷம் வரை அழியாமல் கிடக்கலாம் என்று பிளிமத் பல்கலைக்கழகம் 2020-ல் சொன்னது. 1997-ல் டோக்கியோ எக்ஸ்பிரஸ் கப்பலிலிருந்து கடலில் சரிந்த பெட்டகத்தின் ஏறத்தாழ 48 லட்சம் துண்டுகளில் சில இன்னும் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் ஒதுங்குகின்றன. பழைய பாட்டில்களிலிருந்து கட்டை செய்யும் முயற்சியை நிறுவனம் 2021-ல் பெருமையோடு அறிவித்து, மொத்தக் கரியமிலக் கணக்கு கூடுகிறது என்று 2023-ல் கைவிட்டது. இதெல்லாம் நியாயமான விமர்சனம். நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் கடலிலும் குப்பைமேட்டிலும் சேர்வது யாராலும் பாதுகாக்கப்படாத பிளாஸ்டிக். பெரியவர்கள் கட்டையைத் தூக்கி எறிவதில்லை. நிறம் பிரித்து, கழுவி, டப்பாவில் போட்டு, ஒரு மாதிரியைக் கலைத்து இன்னொன்றைக் கட்டி, வேண்டாதபோது இன்னொருவருக்கு விற்கிறார்கள். அப்படி உலகம் முழுக்கப் பழைய துண்டுகளை வாங்கி விற்க டான் ஜெசெக் என்ற ரசிகர் 2000-ல் உருவாக்கிய பிரிக்லிங்க் சந்தை, 2019-ல் நிறுவனமே விலைக்கு வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. பிளாஸ்டிக்கை நூறு வருஷம் பயன்படுத்தத் தெரிந்தவர்களைப் பார்த்துப் பிளாஸ்டிக் குற்றம் சொல்வது, ஆளை மாற்றிப் பிடிப்பது.

நிறுவனத்தின் வலையில் விழுந்தவர்கள் என்கிறார்களே, அதற்கும் நடந்ததே பதில். 1998-ல் மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ செட் வந்த சில வாரங்களுக்குள் ஸ்டான்ஃபோர்டு மாணவர் கெகோவா பிரவுட்ஃபுட் அதன் உள் நிரலைப் பிரித்து வெளியிட்டார். வழக்குப் போடலாமா என்று யோசித்த நிறுவனம் கடைசியில் இறங்கிவந்து, பிரித்து மாற்றிக்கொள்ளும் உரிமையை உரிமப் பத்திரத்திலேயே எழுதிக்கொடுத்தது. சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2014-ல் அல்கட்ராஸ் பழைய சிறையில் 176 மனச்சாட்சிக் கைதிகளின், நாடு கடத்தப்பட்டவர்களின் முகங்களைக் கட்டைகளால் தரையில் விரித்தார். அடுத்த வருஷம் மெல்பர்ன் கண்காட்சிக்கு அவர் மொத்தமாகக் கட்டை கேட்டபோது, அரசியல் வேலைக்குத் தரமாட்டோம் என்றது நிறுவனம். ஊர் ஊராக மக்கள் தங்கள் வீட்டுக் கட்டைகளைக் கொண்டுவந்து அவருக்காகக் கொட்டினார்கள். 2016 ஜனவரியில் நிறுவனம், இனி மொத்தமாக வாங்குகிறவரிடம் எதற்கு என்று கேட்க மாட்டோம் என்று விதியை மாற்றிக்கொண்டது. வலையில் விழுந்தவர்கள் இப்படி வலை போட்டவரின் விதியைத் திருத்துவதில்லை.

கடைசியாக ஒரு குற்றச்சாட்டு, என்னை உண்மையாகவே வருத்துவது: பெரியவர்கள் இதற்குள் வந்தால் குழந்தைகளுக்கு இடமில்லாமல் போகும் என்பது. விலை ஏறும், தொடாதே என்ற அதட்டல் அதிகமாகும். அப்படி அதட்டுகிற வீடுகள் இருக்கலாம். எனக்குத் தெரிந்த மிகப் பெரிய எதிர்ச் சான்று பாஸ்டனில் வளர்ந்த மேத்யூ ஷிஃப்ரின். பார்வையற்றவர். படமாக மட்டுமே இருக்கிற கையேட்டை வைத்து அவரால் தனியாகக் கட்ட முடியவில்லை. குடும்ப நண்பரான லிலியா ஃபிங்கல் என்ற பெண்மணி, அவருடைய 13-ஆம் பிறந்தநாளுக்கு 800-க்கும் மேற்பட்ட துண்டுகள் கொண்ட அரண்மனைச் செட்டை எடுத்து, துண்டுகளைப் பிரித்துப் பொட்டலமாக்கி, ஒவ்வொரு படத்தையும் சொற்களாக மாற்றிக் கோப்பாகக் கொடுத்தார். ஷிஃப்ரின் முதன்முறையாகத் தானே கட்டினார். லிலியா 2017-ல் மறைந்த பிறகு அவர் விடாமல் முயன்றதால், 2019-ல் நிறுவனம் ஒலியிலும் பிரெய்லியிலும் கையேடுகள் வெளியிட்டது. இன்று ஷிஃப்ரின் தொடங்கிய பார்வையற்றோருக்கான கட்டைகள் என்ற அமைப்பில் தன்னார்வலர்கள் செட் செட்டாக இந்த வேலையைச் செய்து இலவசமாகத் தருகிறார்கள். எந்தத் துண்டு, எத்தனை குமிழ், குமிழ் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், இடது ஓரத்திலிருந்து எத்தனையாவது இடம் என்று ஒரு படத்தைப் பத்து வாக்கியமாக எழுத வேண்டும். எழுதியதைப் பார்வையற்ற ஒருவர் கட்டிப் பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டும். கட்டைகளோடு வருஷக்கணக்கில் பழகிய பெரியவர்களால்தான் அந்த வாக்கியங்களை எழுத முடியும்.